கிராபீன் மேல் காலியம் நைட்ரைடு தீவுதீவாக நிற்கிறது, படலம் கூடவில்லை

கேள்வி (லூனாஸ், கெடா)
வணக்கம். செம்புத் தாளில் வளர்ந்த ஒற்றை அடுக்கு கிராபீனை (ஓர் அணு கனமே உள்ள கார்பன் தாள்) இங்கே லூனாஸில் சபையர் வேஃபருக்கு மாற்றி, பினாங்கில் எம்ஓசிவிடி ரியாக்டரில் (வாயுக்களைச் சூட்டில் வினைபுரியவைத்துப் படலம் வளர்க்கும் கருவி) காலியம் நைட்ரைடு வளர்க்கிறோம், நீல எல்இடிக்காக. 1040 டிகிரி, ஹைட்ரஜன் கேரியர் (மூலப்பொருளைச் சுமந்து வரும் வாயு), தொடக்கத்திலிருந்தே அம்மோனியா. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிராபீன் சுருக்கங்களின் மேல் மட்டும் பாசிமணி கோத்ததுபோல் தீவு வரிசை. வேஃபர் ஓரத்தில் ராமனில் (லேசர் ஒளிச்சிதறல் சோதனை) கிராபீனைக் காட்டும் 2டி முகடே இல்லை. எங்கே தப்பு?

பதில் 1
கிராபீன் பரப்பில் தொங்கும் பிணைப்பு (வேறு அணு பற்றிக்கொள்ளும் வெற்றுக் கை) கிடையாது. காலியம் அணு நிற்க இடமின்றி ஓடி, சுருக்கத்திலும் கிழிசலிலும் மாற்றும்போது தங்கிய பிசின் கறையிலும் போய் உட்காரும். உங்கள் பாசிமணி அதுதான். முதலில் ஆக்சிஜன் பிளாஸ்மாவை ஆகக் குறைந்த பவரில் சில விநாடி காட்டுங்கள். ராமனில் 1350 செ.மீ⁻¹ அருகே டி முகடு (குறைபாட்டின் அடையாளம்) லேசாக எழ வேண்டும், 2700 அருகே 2டி நிமிர்ந்தே நிற்க வேண்டும். 2டி சரிந்தால் பிளாஸ்மா அதிகம். அப்புறம் 10–20 நானோமீட்டர் அலுமினியம் நைட்ரைடு இடைப்படலம். அலுமினியம் அவ்வளவு ஓடாது, அடர்த்தியாக முளைக்கும். 2010இல் சியோல் குழு பிளாஸ்மா கொடுத்த கிராபீனில் துத்தநாக ஆக்சைடு நானோச்சுவரை இடையில் வளர்த்து எல்இடி எடுத்ததும் இதே காரணத்தால்தான்.

ஓரத்தில் கிராபீனைத் தின்றது ஹைட்ரஜனும் அம்மோனியாவும். நைட்ரஜனில் சூடேற்றுங்கள். டிஎம்ஏஎல் (அலுமினியம் தரும் மூலப்பொருள்) சில விநாடி முந்தட்டும், பிறகு அம்மோனியா. அந்த விநாடிகளை நீட்டினால் அலுமினியத் துளி உறையும். இடைப்படலம் மூடியபின் ஹைட்ரஜனுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் மேற்பரப்பு சொரசொரக்கும்.

பதில் 2
அண்ணன் சொன்னதோடு மாற்றும் வேலையையும் பாருங்கள். கூலிம், லூனாஸ் பக்கம் மாலை மழைக்கு அறை ஈரம் ஏறிவிடும். கிராபீனுக்கு அடியில் சிக்கிய நீர் ரியாக்டர் சூட்டில் பொங்கிக் கிழிக்கும். வேஃபரைச் சாய்த்து வைத்து வடித்து, இரவு முழுக்க வெக்குவத்தில் வையுங்கள். பிறகு ஹாட்பிளேட்டில் 80 டிகிரி, மெதுவாக 150க்கு ஏற்றி அரை மணி நேரம். அதன்பிறகே அசிட்டோனில் பிஎம்எம்ஏவை (மாற்றும்போது கிராபீனைத் தாங்கும் பிசின்) கரைக்க வேண்டும். கடைசியில் ஆர்கான்-ஹைட்ரஜனில் 350 டிகிரி, 2 மணி நேரம். இந்தச் சூட்டில் ஹைட்ரஜன் கிராபீனைக் கடிக்காது.

செம்பைக் கரைக்க ஃபெரிக் குளோரைடா? இரும்புக் கறை தங்கும். அம்மோனியம் பெர்சல்ஃபேட் எடுங்கள், டிஅயனைஸ்டு நீரில் மூன்று முறை அலசுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

கேள்வி (லூனாஸ்)
ஃபெரிக் குளோரைடுதான். மாற்றுகிறோம். படலம் கூடியபின் படிகத்தின் திசை சரியா என்று எதில் தெரியும்?

பதில் 1
வேஃபரைச் சுழற்றி எடுக்கும் எக்ஸ்ரே ஃபை ஸ்கேனில். காலியம் நைட்ரைடின் சாய்ந்த படிகத் தளத்துக்கு 60 டிகிரிக்கு ஒன்றாக 6 முகடு வர வேண்டும். 12 வந்தால் 30 டிகிரி திரும்பிய இன்னொரு கூட்டமும் வளர்ந்திருக்கிறது. குவாண்டம் வெல் (ஒளி தரும் மெல்லடுக்கு) போடுமுன் இதைப் பாருங்கள்.