ஆப்பில் ஆட்டோ போட்ட கதை: ஓலா, ஊபர், ராபிடோவில் எது பரவாயில்லை, மதுரைக்காரர்களே?

வில்லாபுரத்தான்:
மூன்று மாதம் ஆகிறது, மனசு ஆறவில்லை. காலையில் வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஆப்பில் ஆட்டோ போட்டேன். போட்டதும் போன். "எங்கண்ணே போகணும்?" ஜங்ஷன் என்றேன். "கேஷா?" ஆப்பிலேயே கட்டிவிடுகிறேனே என்றேன். "இந்தா வந்துட்டேண்ணே." அப்புறம் மேப்பில் அந்த ஆட்டோ படம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டது. அவரும் கேன்சல் செய்யவில்லை, நானே செய்யட்டும் என்று இருக்கிறார். உங்களுக்குத் தெரியாததா? 12 நிமிடம் கழித்து என் எதிரே ஓர் ஆட்டோ போனது. போனில் இருந்த அதே நம்பர். உள்ளே பெட்டியோடு இரண்டு பேர். டிரைவர் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். வேறு ஆப்பில் வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தால் ரயில் கிளம்பிவிட்டது. கேன்சல் செய்த காசு என் தலையில்.

சிம்மக்கல் மருமகள்:
எனக்கு ஆள் மோசமில்லை, மேப்தான் மோசம். அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர ஆட்டோ போட்டேன். தென்கரை ரோட்டில் நிற்கிறேன். "வந்து நிக்கிறேன்க்கா" என்கிறார், ஆளைக் காணோம். கடைசியில், "அக்கா, கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், செல்லூர்க் கரையில் ஒருவர் தானும் கையை ஆட்டுகிறார்! நடுவில் வைகை. தண்ணீர்கூட இல்லை, மாடு மேய்கிறது. கூப்பிடு தூரம்தான். ஆனால் யானைக்கல் பாலம் சுற்றி அவர் வந்து சேர இருபது நிமிடம். கூடுதலாகக் காசு கேட்கவில்லை. அத்தை இன்னும் அவரை விசாரிக்கிறார்.

ஆட்டோக்காரர் மகன்:
வில்லாபுரத்தாரே, அவர் செய்தது தப்புதான், நான் பரிந்து பேசவில்லை. ஆனால் 'கேஷா' என்று கேட்டதையும் அதோடு சேர்க்காதீர்கள். ஆட்டோவில் கமிஷன் பிடிக்கிற முறை இப்போது மாறிக்கொண்டே வருகிறது. ராபிடோ ஆட்டோவுக்குச் சந்தா முறைக்குப் போனது. 2025 பிப்ரவரியில் ஊபரும் மாறியது. டிரைவர் கம்பெனிக்கு ஒரு கட்டணம் கட்டுவார், பயணக் காசு முழுக்க அவருக்கு. நேரே அவர் கையில் கேஷாகவோ யுபிஐயாகவோ கொடுக்க வேண்டும். ஆப்பில் காட்டுகிற தொகை ஒரு தோராய மதிப்புதான். பேரம் வருவதும் அதனால்தான். என் அப்பா காலையில் முதல் சவாரிக் காசில்தான் வண்டிக்கு கேஸ் நிரப்புவார்.

தெப்பக்குளம் ரிட்டயர்டு:
நான் பைக் டாக்சியில் ஒரே ஒரு தடவை போனேன், காளவாசலில் மழை, நனைந்தேன். அவ்வளவுதான் என் கதை. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஓலா, ஊபர், ராபிடோ என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. எந்த நேரம், எந்த இடம் என்று பாருங்கள். தனி ஆள், பை இல்லை என்றால் பைக். விமான நிலையத்துக்குக் கார். அதையும் முந்தின நாளே பழகிய கால் டாக்சியில் சொல்லிவைப்பது உத்தமம், விடியற்காலையில் ஆப்பை நம்பாதீர்கள். மீனாட்சி கோயிலுக்கு என்றால் கோபுரத்தில் மேப் குறியை வைக்காதீர்கள், சித்திரை வீதிக்குள் வண்டி விடமாட்டார்கள். மாசி வீதியில் தெரிந்த கடை ஒன்றில் வையுங்கள். ஜங்ஷனில் கிழக்கு வாசலா மேற்கு வாசலா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். வண்டியில் ஏறிய பிறகுதான் ஓடிபி, போனில் கேட்டால் தரக்கூடாது. சித்திரைத் திருவிழா சமயத்தில் ஆற்றுப் பக்கம் ஆப்பைத் திறக்கவே வேண்டாம், நடந்துவிடுங்கள். அப்புறம் கட்டணம். கூட்ட நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம் என்று 2020இல் மத்திய அரசு நெறிமுறை இருந்தது. 2025இல் இரண்டு மடங்கு வரை என்றாக்கிவிட்டார்கள். சரியான காரணமில்லாமல் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய். இது டிரைவருக்கும் உண்டு, பயணிக்கும் உண்டு. ஆனால் மாநில அரசு ஏற்றுக்கொண்டால்தான் நடைமுறை. முதலில் வில்லாபுரத்தார் அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பியிருக்க வேண்டும்.

சிம்மக்கல் மருமகள்:
ஐயா, அவர் ரயிலை விட்ட கதையைச் சொன்னார், நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள்.

வில்லாபுரத்தான்:
விடுங்கக்கா, பெரியவர். நேற்று நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். ஆப்பில் ஆட்டோ போட்டால் அதே நம்பர். கேன்சல் செய்யலாமா என்று கை போனது. அதற்குள் வந்து நின்றுவிட்டார். அடையாளம் தெரிந்ததா இல்லையா, தெரியவில்லை. "ஜங்ஷனாண்ணே?" என்றார். மாட்டுத்தாவணி என்றேன். கேஷ் என்பதையும் நானே முந்திச் சொல்லிவிட்டேன்.