ஆரியங்காவு குகையும் பாத்துமாவின் ஆடும்

புளியரைக்காரி:

பதட்டம் வந்தபோது எது கைகொடுத்தது என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். ஒரு வாரமாகப் படித்துக்கொண்டே இருந்தேன், இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஊர் செங்கோட்டை பக்கம் புளியரை. வேலை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் புனலூரில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு. 2018ல் அகலப் பாதை திறந்த பிறகு பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலுக்கு மாறினேன். பகவதிபுரம் தாண்டி மலை ஏறினால் குகை வரும், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், அதைத் தாண்டினால் ஆரியங்காவு. நூறு தடவை போன பாதை. ஒரு நாள் வண்டி உள்ளே நுழைந்ததும் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, மூச்சு வாங்கியது, விரல் நுனி மரத்துப்போய் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, செத்துவிடப் போகிறேன் என்று சத்தியமாக நம்பினேன். எதிர் சீட்டில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்த ஒரு அம்மா டப்பாவை மூடி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிசுபிசுவென்று பலாப்பழ வாசனையோடு இருந்த அந்தக் கையை விட்டால் விழுந்துவிடுவேன் என்று தென்மலை வரை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். “ஒன்றுமில்லை, கேஸ்தான், பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் எனக்கு வந்தது என்ன? அதற்கப்புறம் ராத்திரியெல்லாம் போனும் நானும்தான், ஒரு அறிகுறியைத் தேடினால் அது ஒன்பது வியாதியைக் காட்டும், ஒன்பதும் எனக்கு இருப்பதாகத் தெரியும். ஆச்சி வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது, அவள் பாசத்தில் குறையே கிடையாது. ஒரு தோழி, தைரியமாக நினை, நல்லதையே நினை என்கிற ரகத்தில் இரண்டு புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். பத்துப் பக்கம் படித்தேன். பரீட்சையில் ஃபெயிலானவளுக்கு முதல் மார்க் வாங்கியவன் அறிவுரை சொல்வது மாதிரி இருந்தது, மூடி வைத்துவிட்டேன்.

கடையில் பில் போடும் சேச்சி ஒருத்தி உண்டு. மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கேட்டாள், நானும் சொன்னேன். “எனிக்கும் உண்டாயிருந்நு மோளே” என்றாள். எனக்கும் இருந்தது மகளே. அவளுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு புனலூர் தூக்குப்பாலத்தில் கால் வைக்க முடியாமல் போய்விட்டதாம். கல்லடையாற்றுக்கு மேலே 1877லிருந்து தொங்கிக்கொண்டிருக்கிற பாலம், தான் கால் வைக்கிற அன்றைக்குத்தான் அறுந்து விழும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியதாம். ஏழு மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போயிருக்கிறாள், ஏன் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு மோர்க்குழம்பைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். நானும் சாப்பிட்டேன், எத்தனையோ நாளுக்கப்புறம் வயிறு நிறைய.

தென்காசியில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னதும் அவள்தான். அந்த டாக்டர் வரைந்தே காட்டினார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கிவிடும் என்றார். மாத்திரை ஒரு வருடம் போல எடுத்தேன். புத்தகம் படித்துக் குணமானேன் என்று நான் எழுத மாட்டேன், அது பொய். புத்தகம் செய்தது வேறு.

ஜூன் 19 கேரளாவில் வாசிப்பு தினம். 1945ல் திருவிதாங்கூர் முழுக்க நூலகங்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்த பி.என். பணிக்கரின் நினைவு நாள். அன்றைக்குச் சேச்சி என்னைப் பக்கத்து வாயனசாலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். (நூலகம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வராது, எங்கள் பக்கம் வாயனசாலைதான்.) அவள் எடுத்துக் கையில் திணித்தது மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’. “இதை எழுதும்போது அவரும் சிகிச்சையில்தான் இருந்தார், முன்னுரையில் அவரே சொல்கிறார் பார்” என்றாள். 1959ல் வந்த புத்தகம். அவருக்கு வந்த நோய் வேறு, எனக்கு வந்தது வேறு, அது தெரியும். ஆனாலும் தனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் மேய்கிற ஒரு ஆட்டைப் பற்றி எழுத ஒருவரால் முடிந்திருக்கிறதே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. ஓய்வு வேண்டும் என்று ஊருக்கு வருகிறார், வீடு நிறைய ஆள், ஒரே கூச்சல், ஆடு கண்டதையெல்லாம் தின்கிறது, அவர் எழுதிய புத்தகங்களையும் தின்றுவிடுகிறது.

எனக்கு மலையாளம் பேச வரும், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் தாத்தாவுக்கு மலையாள எழுத்து தெரியும், சின்ன வயதில் சிலேட்டில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு முதலில் தமிழ் மொழிபெயர்ப்பை வாங்கி முழுசாகப் படித்தேன், அப்புறம் மலையாளத்தில் வரி வரியாக. இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ‘அடுத்து என்ன ஆகுமோ’ என்பதுதான் என் வியாதியே. இந்தக் கதையில் அடுத்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆடு வரும், தின்னும், உம்மா (பஷீரின் அம்மா) கத்துவார். முணுமுணுத்து எழுத்துக்கூட்டும்போது மூச்சும் தன்னால் நீண்டுவிடுகிறது, டாக்டர் எண்ணி விடச் சொன்னபோது வராத மூச்சு இப்போது வந்தது. புதுப் புத்தகம் படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரொம்ப முடியாத நாளில் படித்ததையே படியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கம்பம் லோடு வண்டி:

அக்கா, நான் புத்தகம் படிக்கிற ஆள் கிடையாது. கம்பத்தில் காய்கறி ஏற்றிக் கோட்டயம் போகிறேன். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது நீங்கள் சொன்ன அதே மரப்பு எனக்கு ஸ்டியரிங்கில் வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வாட்டர் கேனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளீனர் பையனிடம்கூடச் சொல்லவில்லை, டிரைவர் பயப்படுகிறான் என்று தெரிந்தால் லோடு யார் தருவார்கள். குட்டிக்கானத்தில் டீ குடிக்கும்போது முப்பது வருடம் வண்டி ஓட்டிய ஒரு பெரியவர், நான் கேட்காமலே, தனக்கு ஒரு விபத்துக்குப் பிறகு நாலு மாதம் வண்டிச் சாவியைத் தொட்டாலே கை நடுங்கியதைச் சொன்னார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இப்போது மலை ஏறும்போது போனில் யாராவது கதை வாசிக்கிறதைப் போட்டுவிடுகிறேன், பாட்டு போட்டால் மனசு எங்கேயோ போய்விடுகிறது, கதை என்றால் கூடவே ஒரு ஆள் உட்கார்ந்து வருகிற மாதிரி இருக்கிறது. டாக்டரிடம் இன்னும் போகவில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பொண்ணு:

எங்கள் வீட்டில் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருக்கிறார். அப்பா தவறிப்போன வருடம் எனக்குத் தூக்கமே கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் அம்மாவும் தூங்காமல் அதில் ஒன்றை மடியில் வைத்திருப்பார். ஒரு நாள் “சத்தமாப் படிம்மா” என்றேன். ஒன்றும் கேட்காமல் விட்ட இடத்திலிருந்து படித்தார், நடுவில் வந்த சோப்பு விளம்பரத்தையும் சேர்த்து. அம்மாவுக்கும் இதே படபடப்பு உண்டு என்று தெரிந்தது அதற்கு எத்தனையோ நாள் கழித்துத்தான். அக்கா, பஷீர் புத்தகம் எங்கள் பாலக்காடு பக்கம் கிடைக்குமா?

புளியரைக்காரி:

எந்த வாயனசாலையிலும் பஷீர் என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் தங்கச்சி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. கம்பம் தம்பி, டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416க்கு ஒரு போன் போடுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். லோடு இறக்கிவிட்டு நிதானமாகப் பேசுங்கள்.

எனக்குக் குகை இன்னும் பிடிக்கவில்லை. வண்டி பகவதிபுரத்தை விட்டதும் ஆடு போர்வையைத் தின்னப் போகிற பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்கிறேன். என் வேகத்துக்கு, வெளிச்சம் வரும்போது அரைப் பக்கம் முடிந்திருக்கும்.