திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் நடந்து போகிற தூரத்தில் வாடகை வீடு வேண்டும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வேலை வண்ணார்பேட்டையில். இப்போது இருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கல்யாணமாகாத பெண் என்றதும் எங்கும் வீடு கிடைக்கவில்லை.

என்னிடம் வண்டி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. வேலை, காய்கறி, ஆற்றங்கரை எல்லாம் நடந்தே போகிற மாதிரி இருக்க வேண்டும். அதனால் கொக்கிரகுளம், அல்லது சுலோசன முதலியார் பாலம் தாண்டி சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம். ஒரு அறை, அடுக்களை போதும். ஒரே வாசலுக்குள் பல குடித்தனம் இருக்கும் வளவு வீடானாலும் சரி. வாடகை 7,000 வரை.

தெருத் தெருவாக டூலெட் போர்டு பார்த்து நடந்தேன். புரோக்கரிடமும் சொன்னேன், அவர் காட்டுவதெல்லாம் நடந்து போக முடியாத தூரத்தில் இருக்கும் கேடிசி நகர்தான். மீனாட்சிபுரத்தில் ஒரு வீடு அவ்வளவு பிடித்திருந்தது. பட்டாசாலையில் (முன்கூடத்தில்) நல்ல வெளிச்சம், பின்னால் கிணறு. வீட்டுக்கார ஆச்சி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "கூட யாரு இருப்பா?" என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றதும் கதவைப் பூட்டிவிட்டார். ஆபீஸ் கடிதம், அப்பாவின் போன் நம்பர் இரண்டும் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

இந்தப் பகுதிகளில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?