கடையும் நடக்க, வீட்டிலும் ஆள் இருக்க: திருகோணமலைத் தொழில்காரர் பகிர்வு

ஹாட்வெயார் கடை, லிங்கநகர்

தொழிலையும் குடும்பத்தையும் சேர்த்துக் கொண்டுபோவது பற்றி எங்கே பேச்செடுத்தாலும் "நேரத்தைத் திட்டமிடு" என்பதோடு நின்றுவிடுகிறது. கல்லாவை யார் எண்ணுவது, கடனை யார் எழுதுவது, திறப்பு யாரிடம் இருப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் தொழில் நடத்தும் அண்ணாமார், அக்காமார் தங்கள் துறையில் பலித்த முறையை அளவோடும் கணக்கோடும் எழுதினால் பெரிய உதவி. சொந்தக் கதை வேண்டாம். எதை எப்படிச் செய்வது, எங்கே பிழை வரும், அது போதும்.

பலசரக்குக் கடை, உவர்மலை

கடை சிறிதோ பெரிதோ, முதலாளி பின்னேரம் வீட்டுக்குப் போக முடியாமல் நிற்பதற்குக் காரணம் நான்கு வேலைகள்: விலை சொல்வது, கடன் கொடுப்பது, காசு எண்ணுவது, கதவு பூட்டுவது. இந்த நான்கும் அவர் ஒருவர் கையிலேயே இருக்கும்வரை எத்தனை ஆள் வைத்தாலும் அவர் நகர முடியாது. நான்கையும் ஒரே நாளில் இன்னொருவரிடம் கொடுக்கவும் கூடாது. மேலே எழுதிய ஒழுங்கிலேயே, மாதத்துக்கு ஒன்றாகக் கைமாற்றுங்கள்.

விலை: தட்டுத் தட்டாக விலைத்துண்டு ஒட்ட வேண்டும். அரிசி, சீனி, பருப்பு, தேங்காயெண்ணெய் அடிக்கடி மாறுவதால் அவற்றுக்கு ஒரு சிறு கரும்பலகை. காலையில் எழுதியது இரவுவரை நிற்க வேண்டும். நடுப்பகலில் ஒரு தடவை மாற்றினாலே கடைப் பெடியனுக்கு நம்பிக்கை போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் வீட்டுக்குக் கோல் எடுப்பான்.

கடன்: கொப்பியின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எல்லை. மாதச் சம்பளக்காரர் என்றால் 15,000, நாட்சம்பளக்காரர் என்றால் 3,000 என்று கையிருப்பைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள். எல்லைக்குள் பெடியன் யாரையும் கேட்காமல் கொடுக்கலாம். தாண்டினால் "நாளைக்குக் காலையில் முதலாளியோடு கதையுங்கோ" என்ற ஒரே பதில். உறவினரின் பெயரும் எல்லையோடு அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த முறை அதிகம் பிழைப்பது அங்கேதான், ஏனென்றால் முதலாளியின் மச்சானுக்கு இல்லை என்று சொல்லப் பெடியனுக்குத் துணிவு வராது.

காசு: லாச்சியில் காலையில் வைக்கும் சில்லறை ஒரு மாறாத தொகையாக இருக்கட்டும், உதாரணத்துக்கு 5,000. நாள் முடிவில் கணக்கு இதுதான்: தொடக்கச் சில்லறை, அதோடு ரொக்க விற்பனை, அதோடு வசூலான கடன், அதில் கழிப்பது வெளியே கொடுத்த காசு. மிச்சம் லாச்சியில் இருப்பதோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராத நாட்களில் பெரும்பாலும் குற்றவாளி அந்தக் கடைசிப் பகுதி. பிஸ்கட் வான், சவர்க்கார வான் வரும்போது லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் துண்டு எழுதாமல் விடுவதால் வரும் பிழை அது. வான்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசைக் காலையிலேயே தனி உறையில் போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். கியூஆர் அட்டை வைத்தால் எண்ண வேண்டிய நோட்டும் குறையும்.

இன்னொன்று, மிகவும் பயன்படுவது: கடையின் கணக்கு நாளைக் கடை பூட்டும் நேரத்தில் முடிக்காதீர்கள். பின்னேரம் 6 மணியோடு முடியுங்கள். 6 மணிக்கு லாச்சியை எண்ணி, பெருந்தொகையை எடுத்துவிட்டு, 5,000 சில்லறையோடு இரண்டாவது காசுத் தட்டை லாச்சியில் போட வேண்டும். அதற்குப் பிறகு நடக்கும் விற்பனை அடுத்த நாள் கணக்கு. 6.30க்கு முதலாளி வீட்டில். இரவு 9 மணிக்கு ஆள் பூட்டும்போது கடையில் இருப்பது அந்தச் சில்லறையும் மூன்று மணி நேர விற்பனைக் காசும் மட்டும். அதனால் திறப்பைக் கொடுப்பதிலும் பயம் குறையும்.

ஆட்கள்: 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒருவருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி வேலை. காலை 7 முதல் இரவு 9 வரை திறக்கும் கடைக்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் 7 முதல் 4 வரை, மற்றவர் 12 முதல் 9 வரை, இருவருக்கும் ஒரு மணி நேர இடைவேளை. இருவரும் சேர்ந்து நிற்கும் 12 முதல் 4 வரையான நேரத்தில்தான் பிள்ளைகள் பாடசாலை விட்டு வருகிறார்கள். முதலாளி 1.15க்குப் புறப்பட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு, வீட்டில் சாப்பிட்டு, 3.30க்குத் திரும்பலாம். ஆறாவது நாள் ஐந்து மணி நேரம்தான் வரும் (எட்டு மணி ஐந்து நாள், பிறகு ஐந்து மணி, மொத்தம் 45). காலை ஆளின் அரைநாளில் அவர் 7 முதல் 12 வரை. பின்னேர ஆளின் அரைநாளில் அவர் 4 முதல் 9 வரை. இரண்டையும் வேறு வேறு நாளில் வைத்தால் கடையில் ஆளில்லாத நேரமே இராது. ஞாயிறு பூட்டு.

செலவை மறைக்காமல் பாருங்கள். சம்பளம் 40,000 என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம் 4,800, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 1,200. ஆக ஒருவருக்கு 46,000. ஊழியரின் 8 வீதம் அவர் சம்பளத்தில் கழியும். அடுத்த மாதம் முடியும் முன் கட்ட வேண்டும். பத்து வீத இலாபத்தில் ஓடும் கடைக்கு இந்த 46,000 என்பது 460,000 ரூபா விற்பனையின் இலாபம். இந்தக் கணக்கை வீட்டிலும் வெளிப்படையாகக் கதைக்க வேண்டும். பின்னேரத்துக்கு அப்பா வீட்டில் இருப்பதற்காகக் குடும்பமே கொடுக்கும் காசு அது.

விருந்தினர் விடுதி, நிலாவெளி

பலசரக்கு அண்ணா நாளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். எங்கள் தொழிலில் பிரிக்க வேண்டியது ஆண்டை. மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் கடல் அமைதி, அதுதான் சீசன். வடகீழ்ப் பருவ மழை நவம்பரில் பிடித்தால் ஜனவரிவரை அறைகள் காலி. பாடசாலையின் ஆகஸ்ட் விடுமுறை உச்ச சீசனில் வருவதால், பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போவேன் என்று அந்த மாதத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். டிசெம்பர் விடுமுறை, திருவெம்பா, தைப்பொங்கல் முழுவதும் உங்களுடையவை. சீசனில் ஒன்றே ஒன்றைக் காப்பாற்றினால் போதும்: காலையில் பிள்ளை பாடசாலைக்குப் போகும் நேரம்.

அதைக் கெடுப்பது காலைச் சாப்பாடு. பாடசாலை 7.30க்குத் தொடங்கும், அதே நேரத்தில் விருந்தினர் குசினி வாசலில் நின்று என்ன இருக்கு என்று கேட்பார்கள். முதல் நாள் இரவு 8 மணிக்குள் துண்டில் எழுதி வாங்குங்கள்: இடியப்பமா, புட்டா, ரொட்டியா, எத்தனை பேர், எத்தனை மணி. மேசை 8 மணிக்குத்தான் திறக்கும். புறாத்தீவுக்கு விடிய வள்ளம் ஏறுபவர்களுக்குப் பொதி. ரொட்டியும் கட்டைச் சம்பலும் பொதிக்கு ஏற்றவை. பச்சைத் தேங்காய்ச் சம்பல் வெயிலில் புளித்துப்போகும், போடாதீர்கள்.

வீடும் விடுதியும் ஒரே வளவில் இருந்தால் வீட்டுக்குத் தனி வாசல் கட்டாயம். பணம் பற்றாவிட்டால் ஒரு தட்டியாவது கட்டுங்கள். வாசல் ஒன்றாக இருக்கும்வரை இரவு 10 மணிக்கும் துவாய் கேட்டு ஆள் வரும். துவாய், தண்ணீர்ப் போத்தல், கொசுவர்த்தி, மெழுகுதிரி நான்கையும் ஒரு திறந்த அலுமாரியில் வெளி விறாந்தையில் வைத்தால் அந்த வரவு அடங்கும்.

படுக்கை விரிப்பு கட்டிலுக்கு மூன்று சோடி: ஒன்று கட்டிலில், ஒன்று தோய்க்க, ஒன்று அலுமாரியில். இரண்டு மட்டும் வைத்திருந்தால் 11 மணிக்கு ஒருவர் போய் 2 மணிக்கு அடுத்தவர் வரும் நாளில் நீங்களே தோய்த்துக் காயப்போட்டுக்கொண்டு நிற்பீர்கள்.

கோணேசர் கோயில் ஆடியமாவாசைத் தீர்த்தம், பிள்ளையின் பிறந்தநாள், உறவுக் கலியாணம்: சீசன் தொடங்குமுன் இந்தத் திகதிகளை நாட்காட்டியில் பூட்டிவிட வேண்டும். இரண்டு இணையத்தளத்தில் அறை போட்டிருந்தால் இரண்டிலும் பூட்டுங்கள். ஒன்றில் மறந்தால் அந்த நாளில்தான் ஆள் வந்து இறங்கும்.

வீட்டுத் தையல், பாலையூற்று

வீட்டில் இருந்து தைக்கிறவைக்கு வேறு பிரச்சினை. ஆள் வீட்டில்தான், கவனம் மெசினில். பிள்ளை கூப்பிட்டால் "பொறு, இந்த ஓரத்தை முடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிச் சொல்லிப் பின்னேரம் போய்விடும். அதற்கு வேலையையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். வெட்டு, மெசின் தையல், இஸ்திரி மூன்றும் பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் 8 மணி முதல் 1 மணிக்குள். கொழுக்கி, ஓரம் மடிப்பு, பொத்தான் எல்லாம் கைத்தையல். அதைப் பின்னேரம் பிள்ளை படிக்கும் மேசையில் இருந்து செய்யலாம், காதும் கண்ணும் பிள்ளையிடம் இருக்கும்.

ஓடர் எடுக்கும் அளவு: லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு 2½ மணி என்றால் அந்த ஐந்து மணிக்குள் இரண்டு. பாடசாலை நடக்கும் ஐந்து நாளைக்குப் பத்து. அதில் இரண்டைத் திருத்தத்துக்கு விட்டு, எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. தீபாவளிக்கு மூன்று கிழமைக்கு முன் கொப்பியை மூடுங்கள். முகத்துக்காக ஒன்று கூடுதலாக எடுத்தால் அது இரவு 11 மணி வேலையாகும். இரவில் தைத்த கழுத்து சரியாக இராது, காலையில் பிரிக்கிற வேலையும் சேரும்.

வணிக வட்ஸ்அப்பில் வேலை நேரத்தையும், நேரம் தாண்டினால் தானாகப் போகும் பதிலையும் அமைக்கலாம். இரவு பத்துக்கு மாதிரிப் படம் அனுப்புகிறவர்கள் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் ஊசிக்குக் காந்தத் தட்டு, இஸ்திரிக்கைக்கு உயரத்தில் பிளக்.

மீன் வியாபாரம், சல்லி

எல்லாரும் பின்னேரத்தைச் சொல்லுறீங்கள். மீன் தொழிலில் விடியப்புறம் 4 மணிக்குக் கரையில் நிற்க வேணும், இரவு 8.30க்குப் படுக்க வேணும். அதனால் குடும்பச் சாப்பாட்டை மத்தியானத்துக்கு மாற்றுங்கோ. மத்தியானம் வீட்டுக்கு வர ஐஸ் கணக்குச் சரியாக இருக்க வேணும்: எங்கட வெக்கைக்கு மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ. பெட்டியின் அடியில் ஐஸ், பிறகு மீன், மேலே திரும்ப ஐஸ்; உருகிய தண்ணி போக அடியில் ஓட்டை. ஐஸில் மிச்சம் பிடித்தால் மத்தியானத்துக்குள் எல்லாத்தையும் விற்றுத் தள்ள வேண்டிய அவசரம் வரும், விலையும் விழும், வீட்டுக்கும் போக ஏலாது.

புடவைக் கடை, மத்திய வீதி

வீட்டில் உடம்பு இருந்தும் மனம் இராததற்கு எங்கள் துறையில் முதற் காரணம் பிற்திகதியிட்ட காசோலை, அதாவது பின்னால் வரும் திகதி போட்டுக் கொடுக்கும் காசோலை. கொழும்பு மொத்தக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்ட திகதியில் எழுதிக் கொடுத்தால் மாதம் முழுக்க ஏதோ ஒரு காசோலை வந்துகொண்டே இருக்கும். எல்லாருக்கும் 10ஆம், 25ஆம் திகதிகளில் மட்டும் எழுதுங்கள். பெரும்பாலான மொத்தக்காரர் ஒரு கிழமை தள்ளிப் போட ஒத்துக்கொள்வார்கள், திகதி தவறாதவரை. அந்தத் திகதிக்கு இரண்டு வேலைநாள் முன்னதாகவே கணக்கில் காசு நிற்க வேண்டும். நடுவில் போயா வந்தால் வங்கி பூட்டு, அதையும் கழித்து எண்ணுங்கள். காசோலைப் பட்டியலின் ஒரு பிரதி வீட்டுக்காரியிடம் இருக்கட்டும். அவருக்குத் தெரியாத கடன்தான் வீட்டில் சண்டையாக வெடிக்கிறது.

கடைக்கணக்கை இரவுச் சாப்பாட்டோடு கதைக்க வேண்டாம். பிள்ளைகள் ரியூஷனுக்குப் போயிருக்கும் ஒரு மணி நேரத்தைக் கிழமையில் ஒரு நாள் அதற்கென்று வைத்து, கணவன் மனைவி இருவரும் கொப்பியோடு இருங்கள். மனைவியும் கடையில் நின்றால் அவருக்கும் மாதச் சம்பளம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கடையின் உண்மையான இலாபமும் தெரியாது, அவருடைய உழைப்பும் யார் கண்ணிலும் படாது.

ஹாட்வெயார் கடை, லிங்கநகர்

எல்லாருக்கும் நன்றி. ஆள் வைக்க வருமானம் போதாத ஒற்றை ஆள் கடைக்கு என்ன வழி?

மோட்டார் சைக்கிள் திருத்தகம், அலஸ்தோட்டம்

தம்பி, இரண்டு கிழமைக்கு மணி வாரியாக விற்பனையைக் கோடு போட்டுக் குறித்து வாருங்கள். இரவு 8 முதல் 9 வரை 4,000 விற்று அதில் 400 நிற்குமென்றால், அந்த மணி 400 ரூபாவுக்கு வேண்டுமா என்று பார்த்து முடிவெடுக்கலாம். இங்கே மத்தியான வெயிலில் பெரும்பாலும் ஆள் வருவதில்லை. 1.15 முதல் 3.30 வரை பூட்டி, பெரிய எழுத்தில் பலகை போடுங்கள். ஆனால் 3.30 என்றால் 3.30க்குக் கதவு திறந்திருக்க வேண்டும். நாலு நாள் 4 மணிக்குத் திறந்தால் வாடிக்கையாளர் பலகையை நம்பமாட்டார், வேறு கடை பார்ப்பார்.

திருத்தகம் வைத்திருப்பவர்களுக்கு: வேலை எடுப்பது 5 மணி வரை, 5 முதல் 6 வரை கொடுப்பது மட்டும். வண்டி ஒவ்வொன்றிலும் பெயர், வேலை, கொடுக்கும் நேரம் எழுதிய அட்டை தொங்க வேண்டும். கொடுக்கும் நேரத்தை எழுதுமுன் பாகம் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் சூ, கிளச் கேபிள், டியூப், பிளக் நான்கும் ஓடும் மொடல்களுக்கு எப்போதும் இருப்பில் இருந்தால் பெரும்பாலான வண்டி அன்றைக்கே போகும். இல்லாத பாகத்துக்கு "நாளைக்குப் பின்னேரம்" என்று எழுதுங்கள். சாமான் வான்காரருக்கும் மத்தியானப் பூட்டு நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் வருவதும் அந்த நேரம்தான்.