தகட்டின் அந்தப் பக்கம் நின்றவர்கள்

ஓசூர்க்காரன்:

விமானக் கூடு பொருத்தும் வேலையில் எனக்கு 11 வருடம் ஆகிறது. ஐடிஐ முடித்துவிட்டு பெங்களூருவில் சேர்ந்தேன். தினமும் ஓசூரிலிருந்து பஸ். வேலையைப் பற்றிக் கேட்கிறவர்கள் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஜோடி ஆள்தான்.

ரிவெட் என்பது தகடுகளை இணைக்கும் ஆணி. அதை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று ரிவெட் கன்னால் அடிப்பார். இன்னொருவர் கூட்டுக்குள் உட்கார்ந்து, ரிவெட்டின் வால் பக்கம் பக்கிங் பாரை, அதாவது ஒரு இரும்புக் கட்டியை, அழுத்திப் பிடிப்பார். நடுவில் தகடு. ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. சத்தத்துக்குக் காதை வேறு அடைத்திருப்போம். அதனால் பேச்சு கிடையாது, தட்டல்தான். உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்டினால் ‘இன்னும் கொஞ்சம் அடி’. இரண்டு தட்டினால் ‘சரி, அடுத்தது’. மூன்று தட்டினால் ‘கெட்டுப்போச்சு, எடுத்துடு’.

முதல் வருடம் நான் உள்ளே. வெளியே அடித்தவர் ஓய்வுக்குக் கிட்டத்தில் இருந்த ஒரு கன்னடக்காரர். எல்லாருக்கும் அவர் அண்ணா. ஒரு மத்தியானம் பேனலின் ஓரத்தில் 3.2 மி.மீ. ரிவெட் வரிசை. கை ஓய்ந்து பார் லேசாகச் சாய்ந்துவிட்டது. வால் நசுங்கி வட்டமாகப் பரவ வேண்டும். அகலம் ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் ரிவெட் விட்டத்தில் பாதி. என்னுடையது ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அன்றைக்கு ஏற்கெனவே மூன்று ரிவெட்டுக்கு ‘எடுத்துடு’ தட்டியிருந்தேன். நான்காவதாகத் தட்ட வெட்கம். இரண்டு தட்டினேன். அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் டார்ச்சும் குட்டிக் கண்ணாடியும் வைத்துப் பார்த்து, அதைச் சுற்றி வட்டம் போட்டார். அதோடு முடிந்திருக்கும். நான்தான் அவசரப்பட்டு ட்ரில் வைத்து எடுக்கப் போய் ஓட்டையையும் கோணலாக்கினேன். அப்படி ஆனால் அடுத்த அளவு, 4 மி.மீ. ரிவெட் போடலாம். ஆனால் ஓட்டையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும். 3.2-க்கு 6.4 போதும். 4-க்கு 8 வேண்டும். அங்கே இருந்தது 7. அந்த ஒரு மில்லிமீட்டருக்காக டிசைன் ஆட்களுக்கு எழுதிப் போட்டு, பதில் வரும்வரை பேனல் நான்கு நாள் ஜிக்கிலேயே, அதாவது அதைப் பிடித்து வைக்கும் சட்டத்திலேயே, கிடந்தது.

அண்ணா திட்டவில்லை. “மூணு தட்டினா என் காசா போகுது?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் என்னை வெளியே நிறுத்திவிட்டு அவர் உள்ளே போனார். அரை மணி நேரத்தில் இரண்டு முறை மூன்று தட்டு வந்தது. இரண்டும் அவர் கைத்தவறு.

ஒரு ரிவெட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கிறவர்களுக்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் 123-ஐத்தான் சொல்வேன். 1978-ல் ஒசாகாவில் வால் தரையில் உரசிய போயிங் 747 அது. கேபின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்பக்கச் சுவரைப் பழுது பார்த்தபோது, ஒரே துண்டாக வைக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமை ஒரே வரிசை மேல் விழுந்தது. அப்படியே ஏழு வருடம் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12-ல் சுவர் கிழிந்தது. 520 பேர் போய்விட்டார்கள், பிழைத்தது நான்கு பேர்.

டொரொண்டோ சிறகு:

தம்பி சொன்ன தட்டல் எங்களிடமும் உண்டு, வேறு காரணத்துக்கு. நான் சிறகுக்குள்ளே சீலன்ட், அதாவது கசிவை அடைக்கும் பசை, பூசுகிறவன். பெரிய விமானங்களில் சிறகின் உட்புறமே எரிபொருள் தொட்டி. ஒவ்வொரு பொருத்தையும் ரிவெட்டையும் பூசி அடைக்காவிட்டால் கசியும். உள்ளே போகிற துவாரம் முட்டை வடிவம். ஒரு கையை முன்னால் விட்டு, தோளைச் சரித்துத்தான் நுழையலாம். மெலிந்த ஆள் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள், இப்போது வயிறு வைத்தும் விடுகிறார்கள் இல்லை.

சீலன்டைக் கலந்த நிமிடத்திலிருந்து மணிக்கூடு ஓடும். பி-2 வகை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் இருந்தால் வெளியே ஒருவர் காவல். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவர் சிறகில் தட்டுவார், நான் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் எனக்கு உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அன்று காவல் நின்றது ஒரு போர்த்துக்கேய அம்மா. நான் ஒரு நீளப் பொருத்தை ஒரே இழுவையாகப் பூசிக்கொண்டிருந்தேன். நடுவில் கையை எடுத்தால் மேடு விழும். தட்டல் கேட்டது. முடித்துவிட்டுத் தட்டலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அம்மா அலாரப் பொத்தானை அமத்திவிட்டார். முழு லைனும் நின்றது. மீட்புக் குழு ஓடிவர, நான் சீலன்ட் துப்பாக்கியோடு தலையை நீட்டுகிறேன். சுற்றி நாற்பது பேர். “ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாமே” என்று கோபத்தில் கேட்டேன். “ஒரு நிமிடம் பொறுத்துத்தான் அமத்தினேன்” என்றார். விசாரணை முடிவதற்குள் மிச்சச் சீலன்ட் இறுகிவிட்டது. அவ்வளவும் குப்பைக்கு.

கம்பி முறுக்கி:

நான் ஸ்ட்ரக்சர் இல்லை, சிஸ்டம்ஸ். ஹைதராபாத்தில் இருக்கிறேன். குழாய், ஒயர் கட்டு, வால்வு எல்லாம் எங்கள் பக்கம். அதிர்வில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க அதன் தலை ஓட்டையில் கம்பி கோத்து, அடுத்த போல்ட்டோடு முறுக்கிக் கட்டுவோம். அதுதான் சேஃப்டி ஒயர். அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. முக்கியம், கம்பி போல்ட்டை இறுகும் திசையில் இழுக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில், கண் எட்டாத மூலையில் இரண்டு போல்ட். ஒரு அக்கா கண்ணாடி பிடித்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே கட்டினேன். அழகாக வந்தது, எனக்கே பெருமை. கண்ணாடியில் இடம் வலமாகும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. இரண்டு போல்ட்டையும் கழற்றும் திசையில் கட்டி வைத்திருந்தேன். அக்கா கடைசி முறுக்கு வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கட்டரை நீட்டி, “வெட்டு” என்றார். வெட்டிய நுனி விரலில் ஏறியதுதான் மிச்சம்.

இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு நான் கண்ணாடி பிடிக்கிறேன். நானும் கடைசி முறுக்கு வரை சொல்வதில்லை.

டொரொண்டோ சிறகு:

தங்கச்சி, அது கொடுமை. பாதியிலேயே சொல்லலாம்தானே?

கம்பி முறுக்கி:

பாதியில் சொல்லிப் பார்த்தேன் அண்ணா. அடுத்த வாரமே அதே பெண் அதே தப்பைச் செய்தாள்.