போர்டர்லைன் (உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் ஆடும் ஆளுமைக் கோளாறு) என்று டொக்டரிடம் எழுதி வாங்கத்தான் வேண்டுமா? போனவர்கள் சொல்லுங்கள்

எனக்கு 27 வயது, வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். போன சனிக்கிழமை சிநேகிதிக்கு வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டேன், இரண்டு நீலக் கோடும் விழுந்தது, பதில் இல்லை. 40 நிமிடம்தான். அதற்குள் அவள் என்னை வெறுத்துவிட்டாள் என்று முடிவெடுத்து, 11 மெசேஜ் அனுப்பி, கடைசியில் நம்பரையும் ப்ளொக் பண்ணிவிட்டு, காலி வீதியில் பஸ்ஸுக்குள் நின்றபடி அழுதேன். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம். காலையில் தெய்வம், மத்தியானம் துரோகி. 16 வயதிலிருந்து இதே கதை, ஆள்தான் மாறும்.

போர்டர்லைனுக்குச் சொல்லும் 9 அறிகுறிகளையும் வாசித்தேன். 5 இருந்தால் போதுமாம், நான் 7 எண்ணினேன். எண்ண வேண்டியது டொக்டர், தெரியும். ஆனால் எங்கள் வீட்டில், மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடை என்பது ஊர்ப் பெயர் இல்லை, ஏச்சு. கலியாணப் பேச்சு வேறு நடக்கிறது, கிளினிக் கொப்பி யார் கண்ணிலாவது பட்டால் அவ்வளவுதான். பெயர் வைக்காமல் கவுன்சலிங் மட்டும் போகலாமா?

பதில் (கொட்டாஞ்சேனை):
தங்கச்சி, நான் 6 வருஷம் பெயர் இல்லாமல்தான் திரிந்தேன். முதலில் பார்த்த டொக்டர் (எந்த இடம் என்பதை விடுங்கோ) மனச்சோர்வு என்று குளிசை தந்தார். நித்திரை வந்தது, மற்றதெல்லாம் அப்படியே. இதற்கென்றே ஒரு குளிசை இல்லை, கூட இருக்கிற சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் மருந்து, மற்றது கதைத்துப் பழகுகிற சிகிச்சை என்று இரண்டாவது டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்பார்கள். அதை உருவாக்கிய மார்ஷா லினஹான், தானும் இளவயதில் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்று 2011இல் வெளியில் சொன்னார். அதை அறிந்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

முதலில் பழக்கியது, தலை கொதிக்கும்போது முகத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் வைப்பது. சிரிக்காதீங்கோ, பிரிட்ஜில் இப்போதும் எனக்கென்று ஐஸ் இருக்கிறது, இவர் ஜூஸுக்கு எடுத்தால் சண்டைதான். தமிழில் கதைக்கக்கூடிய ஒருவரைத் தேடித்தான் அலைந்தேன். கோபத்தைச் சிங்களத்தில் சொல்லிவிடலாம், உள்ளுக்குள் வெறுமையாக இருப்பதை எப்படிச் சொல்வது? பெயரை ஊருக்குக் காட்டத் தேவையில்லை, என் மாமிக்கு இன்றுவரை தெரியாது.

பதில் (தெஹிவளை):
நான் பெயரால் பட்டவன். 2 வருஷம் பைபோலர் (மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறும் நோய்) என்று மருந்து எடுத்தேன். அதில் ஒரு மனநிலை நாள்கணக்கில், கிழமைக்கணக்கில் நிற்குமாம், எனக்கோ பஸ் ஏறி இறங்குவதற்குள் மாறிவிடும். அதை யாரும் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அந்த 40 நிமிடக் கதையை எழுதிக்கொண்டு போங்கோ. இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 மனநல உதவி நம்பருக்கு எடுங்கோ, தமிழிலும் கதைக்கலாம்.

பதில் (வெள்ளவத்தை):
வியாழக்கிழமைக்கு டொக்டரிடம் நம்பர் எடுத்துவிட்டேன் அக்கா. அம்மாவிடம் பல் டொக்டர் என்று சொல்லியிருக்கிறேன். தானும் வருகிறாவாம், கடைவாய்ப் பல் ஆடுதாம்.