முன்பதிவு மெயில் நேரத்துக்குப் போய்ச் சேர என்ன செய்யலாம்? (ஜாங்கோ)

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். கோத்தகிரியில் அக்கா நடத்தும் ஹோம்ஸ்டேவுக்கு ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் தளம் கட்டும் ஃப்ரேம்வொர்க்) முன்பதிவுத் தளம் எழுதியிருக்கிறேன். பதிவு முடிந்ததும் அதே வியூவிலிருந்து (பக்கத்துக்குப் பதில் தரும் ஃபங்ஷன்), வெளி மெயில் சேவை ஒன்றின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) வழியாக, எங்கள் டொமைன் முகவரியில் மெயில் போகிறது. வழி, சாவி வாங்கும் இடம், நீலகிரிக்குள் வர எடுக்க வேண்டிய இ-பாஸின் இணைப்பு எல்லாம் மெயிலோடு போகும் பிடிஎஃப்பில். சீசனில் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சிலர் பட்டனை மறுபடி அழுத்த, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. பல மெயில்கள் ஸ்பாமுக்குப் போகின்றன. போன வாரம் ஒரு குடும்பம் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தது. இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பெரிய சர்வருக்கு மாறினால் சரியாகுமா?

குன்னூர் பேக்எண்ட்:
சர்வரை மாற்றாதீர்கள் தம்பி, காசுதான் போகும். எஸ்எம்டிபி பதில் சொல்லும்வரை உங்கள் வியூ காத்துக் கிடக்கிறது. ஜாங்கோ மெயிலுக்குத் தானாக டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) கிடையாது. முதலில் 10 விநாடி என்று ஒன்று வையுங்கள்.

அப்புறம் மெயிலை வியூவிலிருந்து வெளியே எடுங்கள். பதிவு டேட்டாபேஸில் ஏறியதும் பக்கம் பதில் காட்டிவிடட்டும், மெயில் செலரி (வேலைகளைப் பின்னணியில் செய்யும் கருவி) வரிசையில் போகட்டும். வரிசையில் போடும் வரியைக் கட்டாயம் 'ஆன் கமிட்'டுக்குள் (டேட்டாபேஸில் பதிவு உறுதியான பிறகே ஓடும் இடம்) வையுங்கள். வெளியே வைத்தால், டிரான்சாக்ஷன் முடியுமுன்பே ஒர்க்கர் (வரிசையிலுள்ள வேலையைச் செய்யும் புரோகிராம்) போய்த் தேடும், பதிவு அங்கே இருக்காது. அதைவிட மோசம், பதிவு ரோல்பேக் ஆகி (ரத்தாகி) மெயில் மட்டும் போய்விடுவது. அறை இல்லாத மனிதர் குழந்தைகுட்டியோடு இரவு 9 மணிக்குக் குளிரில் வந்து நின்றால் அக்கா என்ன சொல்வார்?

எஸ்எம்டிபி பிழை 4-இல் தொடங்கினால் தற்காலிகம், இடைவெளி விட்டுத் திரும்ப அனுப்பலாம். 5-இல் தொடங்கினால் விட்டுவிட்டு விருந்தினருக்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு பதிவிலும் மெயில் போன நேரத்தைக் குறித்து வைத்தால், மறுமுயற்சியில் இரண்டு மெயில் போவது பெரும்பாலும் நிற்கும். இரட்டைப் பதிவுக்கு, படிவத்தில் ஒரு டோக்கன் (ஒவ்வொரு படிவத்துக்கும் தனி அடையாளக் குறி) வைத்து, டேட்டாபேஸில் அதற்கான நெடுவரிசையை யூனிக் ஆக்குங்கள்.

இன்னொன்று. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தபின், இந்த மெயில் பயணச்சீட்டு மாதிரி ஆகிவிட்டது. இ-பாஸ் இணைப்பையும் அக்கா நம்பரையும் பிடிஎஃப்பில் புதைக்காமல் மெயிலின் முதல் வரிகளிலேயே எழுதுங்கள். மலைப்பாதையில் சிக்னல் ஒரு புள்ளி இருந்தாலும் எழுத்து திறக்கும்.

கொடைக்கானல் வாசி:
ஸ்பாமுக்கு உங்கள் டொமைனின் டிஎன்எஸ் ரெக்கார்டுகளைப் பாருங்கள். அந்த மெயில் சேவையை உங்கள் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் (உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) சேர்க்க வேண்டும், அவர்கள் தரும் டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) சாவியையும் ஏற்ற வேண்டும். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், சிறிய அனுப்புநரிடம்கூட இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் போட்டுவிடுங்கள். உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் மூன்றும் பாஸா என்று தெரியும்.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, இன்றே செய்கிறேன். விசாரணைப் படிவத்திலிருந்து அக்காவுக்குப் போகும் மெயிலில் விருந்தினர் முகவரியையே அனுப்புநராக வைத்திருக்கிறேன். அதுவும் பாதி வருவதில்லை. காரணம் இதேதானா?

கொடைக்கானல் வாசி:
ஆமாம். அவருடைய டொமைன் பெயரில் அனுப்ப உங்கள் சர்வருக்கு அனுமதி இல்லை, டிமார்க்கில் அடிபடும். அனுப்புநராக உங்கள் முகவரியை வையுங்கள், விருந்தினர் முகவரியை 'ரிப்ளை-டூ'வில் போடுங்கள். அக்கா பதில் அழுத்தினால் நேராக அவருக்கே போகும்.